நாடாவில் வராதவள்

திண்டுக்கல் வட்டார மகளிர் பூப்பந்துக் கழகத்தில் ஆட்டக்காரிகள் ஆறு பேர், நிர்வாகிகள் பதினெட்டுப் பேர். தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளர்கள், பொருளாளர், பொருளாளர் வெளியூர் போனால் பொருளாளராக இருப்பவர் என்று அத்தனை பேருக்கும் கைவைத்த நாற்காலி உண்டு. ஆட்டக்காரிகளுக்கு ஒரு பெஞ்சு. நிர்வாகக் கூட்டம் நடக்கிற நாளில் நாற்காலி பற்றாமல் போனால் அந்தப் பெஞ்சும் உள்ளே போய்விடும்.

பூப்பந்து அணிக்கு ஐந்து பேர்தான். ஆகவே ஆண்டுதோறும் ஆறு பேரில் ஒருத்தியைக் கழிக்கவேண்டிய பெரிய பொறுப்பு கழகத்தின் தலையில் விழுந்தது. அந்த ஒருத்தியைக் கண்டுபிடிக்கத்தான் பதினெட்டுப் பேரும் இரவு பகலாகப் பாடுபட்டார்கள்.

1961ஆம் ஆண்டு கழிக்கப்பட்டவள் சகாயராணி. அவள் அடித்தால் பந்து எதிராளியின் காலடியில் போய் விழும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருத்தி முத்துப்பேச்சி. அவள் அடித்தால் பந்து அவள் காலடியிலேயே விழும். முத்துப்பேச்சி, கழகத் தலைவர் பெருமாள்சாமியின் அண்ணன் மகள். இந்த இரண்டு செய்திக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரோ மெட்ராசிலுள்ள மாநிலக் கழகத்துக்குப் பெயர் போடாமல் ஒரு கார்டு எழுதிவிட்டார்கள். கையெழுத்து சகாயராணியின் அண்ணனுடையது என்பது ஊருக்கே தெரியும். இனிமேல் தேர்வு பாரபட்சமின்றி விஞ்ஞான ரீதியில் நடந்தால்தான், கழகம் கேட்டிருக்கும் மைதானக் கட்டட நிதியைப் பற்றி யோசிக்க முடியும் என்று மெட்ராசிலிருந்து பதில் வந்தது. கட்டடத்துக்குப் ‘பெருமாள்சாமி அரங்கம்’ என்று பெயர் வைப்பதாகத் தீர்மானம் ஏற்கெனவே நிறைவேறியிருந்தது. கல்வெட்டும் அடித்து வந்துவிட்டது. கட்டடம் மட்டும்தான் பாக்கி.

விஞ்ஞானத்தை எங்கே போய்த் தேடுவது என்று நிர்வாகிகள் திகைத்தபோது கைகொடுத்தவர் செயலாளர் கிறிஸ்துராஜ். பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு பிரதியாகக் கேட்பார். வெளிநாட்டில் மட்டையில் பந்து படும் சத்தத்தை ஒலிநாடாவில் பதிந்து, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, பந்து மட்டை நரம்பின் எந்த இடத்தில் பட்டது, மணிக்கட்டு எப்படித் திரும்பியது, ஆட்டக்காரரின் கையில் என்ன குறை என்று கண்டுபிடிக்கிறார்கள் என ஒரு பத்திரிகையில் படித்திருந்தார். எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கவேண்டும். அந்தப் பக்கத்தை நூலகத்தில் யாரோ கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். பாதி விஞ்ஞானம் கையில் இருக்க, மீதியைத் தீர்மானத்தின் மூலம் நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று செயலாளர் கருதினார்.

மிஷினுக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. தலைவர் புகையிலை மண்டிக்காரர். பினாங்குக்குப் போய்வந்தபோது ஒரு டேப் ரிக்கார்டரும் ஒரே ஒரு ரீல் நாடாவும் வாங்கி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் சாமி அறையில் வைத்திருந்தார். மைக் செட் வாடகைக்கு விடும் முகமது பாரூக் அதை இயக்குவதாக ஒப்புக்கொண்டார். கல்யாண வீட்டில் அவரைக் குழாய்க்காரர் என்பார்கள். கழகம் அவரை ஒலிப் பொறியாளர் என்று நியமித்தது. அன்றிலிருந்து அவர் முழுக்கைச் சட்டை போடத் தொடங்கினார்.

கேட்டு முடிவுசெய்ய மூன்று பேர் கொண்ட கேள்விக் குழு அமைந்தது. தலைவர், செயலாளர், டாக்டர் முத்துச்சாமி. டாக்டருக்கும் பூப்பந்துக்கும் என்ன உறவு என்று ஒருவர் கேட்டார். ஊரிலேயே காதில் கருவி மாட்டிக் கேட்டுப் பழகியவர் அவர் ஒருவர்தான் என்று செயலாளர் சொன்னதும் கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

இந்த ஏற்பாடெல்லாம் ஆட்டக்காரிகளில் ஒருத்தியான பொன்னழகுவுக்குத் தெரியாது. அவள் சேவுகம்பட்டிக்காரி. அப்பா காத்தமுத்து கத்தரியும் தக்காளியும் போடுகிறவர். கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள், அங்கேதான் மட்டை பிடிக்கக் கற்றாள். மெட்ராசில் உடற்பயிற்சி ஆசிரியைப் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். மனுவோடு, இந்த ஆண்டு வட்டார அணிக்குத் தேர்வானவள் என்று கழகத்தின் சான்றிதழ் வைக்கவேண்டும். ஜூன் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்கு. காத்தமுத்து நல்ல மனிதர், அதனால் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். சான்றிதழ் வந்தால் மெட்ராஸ், வராவிட்டால் ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சரி என்று சொல்லி அனுப்புவார். மாப்பிள்ளை மேல் பொன்னழகுவுக்குக் கோபமில்லை, அவனை அவள் பார்த்ததுகூட இல்லை. ஆயுசு முழுக்கக் கொய்யாப்பழம் எண்ணிக் கூடையில் போடுவதுதான் அவளுக்கு ஒப்பவில்லை.

அவளுடைய ஆட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பூப்பந்து கம்பளி நூலைச் சுற்றிச் செய்த மஞ்சள் பந்து. ஓங்கி அடித்தால் பறக்கும். பொன்னழகு ஓங்க மாட்டாள். மட்டையைச் சாய்த்து, பந்தின் கன்னத்தைத் தடவுகிற மாதிரி வெட்டிவிடுவாள். பந்து வலையைத் தாண்டி, அந்தப் பக்கம் செத்த கோழிக்குஞ்சு மாதிரி சத்தமில்லாமல் விழும். எதிராளிக்குப் பந்து வந்தது தெரியாது. விழுந்தபிறகுதான் குனிந்து பார்ப்பாள். போன ஆண்டு வட்டார அணி எடுத்த புள்ளிகளில் பாதிக்கு மேல் இந்த வெட்டில் வந்தவை. ஆகவே இந்த ஆண்டு கழிக்கப்படப்போவது தான் இல்லை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். விஞ்ஞானம் தெரியாத பெண்.

தேர்வு, தலைவர் புகையிலைச் சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் நடந்தது. வலைக் கம்பத்தில் மைக்கைக் கட்டியிருந்தார்கள். செயலாளர் விதிகளை வாசித்தார். ஆட்டக்காரிகள் பேசக்கூடாது, இருமக்கூடாது. வளையல், கொலுசு கூடாது. முத்துப்பேச்சிக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம். புதுப்பெண் கை வளையலைக் கழற்றுவதாவது என்று கூட வந்திருந்த அவள் மாமியார் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்ததால் அவளுக்கு மட்டும் விதி தளர்த்தப்பட்டது. இரண்டு கைக்கும் சேர்த்து மூன்று டஜன் கண்ணாடி வளையல்.

விழா என்றால் முறை என்று ஒன்று இருக்கிறது. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, மாலை மரியாதை, பிறகு தலைவர் உரை. தம் உரையை ஒரு வார்த்தை விடாமல் நாடாவில் பதிய வேண்டும் என்று தலைவர் ஆசைப்பட்டார். மிஷின் அவருடையது.

“கண்ணு பொய் சொல்லும், காது சொல்லாது” என்று தொடங்கினார் தலைவர். “போன வருஷம் என் அண்ணன் மகளைக் கண்ணால பாத்துத்தான் தேர்ந்தெடுத்தோம். பாத்ததுனாலதான் எங்களுக்குக் கெட்ட பேரு வந்துச்சு. இந்த வருஷம் பாக்கப் போறதில்லை. ஆடுறது எங்க வீட்டுப் பிள்ளையா, அடுத்த வீட்டுப் பிள்ளையா, ஆடத் தெரிஞ்ச பிள்ளையா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. எதையும் தெரிஞ்சுக்காம முடிவு பண்ணுறதுதான் நேர்மை. இந்த நேர்மையை இந்தக் கழகம் பல வருஷமாக் கடைப்பிடிச்சு வருது.”

நிர்வாகிகள் கைதட்டினார்கள். அவர் புகையிலைக்கு அரசாங்கம் விதித்த வரியைப் பற்றியும், பினாங்கில் தமக்குக் கிடைத்த மரியாதையைப் பற்றியும், தம் வாழ்க்கையைப் பற்றியும் பேசினார். வெயில் ஏறியது. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. உரை ஒருவழியாக முடிந்து பாரூக் குனிந்து பார்த்தபோது ரீலில் சுண்டுவிரல் அகலம்தான் மிச்சம் இருந்தது.

“ஆளுக்கு அஞ்சாறு அடிதான் தாயி. செத்த வெரசா அடிச்சுட்டு நகருங்க, ரீலு ஓடிப்போயிரும்” என்றார்.

உரையைத் திருப்பி அழித்துவிட்டு ஆட்டத்தைப் பதியலாமே என்று சகாயராணி சொன்னாள். ஆட்டக்காரி பேசியதற்காக அவளுக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது.

ஆறு பேரும் கல்யாணப் பந்தியில் இலைக்குப் பாய்வது போல ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து அடித்தார்கள். அடுத்த தெருவில் பூட்டுப் பட்டறை. அங்கே சுத்தியல் விழுந்துகொண்டிருந்தது. சகாயராணி ஓங்கிய வேகத்தில் இரண்டு பந்தைத் தவறவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பட்டறையில் இரண்டு அடி விழுந்தது. முத்துப்பேச்சி கையை ஆட்டியபோதெல்லாம் மூன்று டஜனும் குலுங்கின. பந்து அவள் காலடியில் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. குழுவினர் விதிப்படி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பொன்னழகு தன் முறை வந்ததும் மட்டையைச் சாய்த்து வெட்டினாள். பந்துகள் எல்லாம் வலைக்கு அந்தப் பக்கம் ஒரே இடத்தில் போய் விழுந்து ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு கிடந்தன. அவள் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் அது.

இன்னொன்றும் நடந்தது. அன்று வட்டாரம் முழுக்கப் பம்புசெட்டு ஓடிய நேரம், மைதானத்தில் கரண்டு மந்தம். மிஷின் சோர்ந்துபோய் மெதுவாகச் சுற்றியது. மெதுவாகச் சுற்றிப் பதிந்ததைப் பிறகு நல்ல கரண்டில் போட்டால் எல்லாம் கீச்சுக் கீச்சென்று வேகமாக வரும். இது பாரூக்குக்குத் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் ஒலிப் பொறியாளர் பதவி என்னாவது என்பதும் தெரியும்.

மறுநாள் காலை கிட்டங்கிக்குள் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு கேள்விக் குழு கூடியது. இருட்டில் புகையிலை நெடி தாங்காமல் மூன்று பேரும் மாறி மாறித் தும்மினார்கள். முதலில் தலைவரின் உரை வந்தது. பால்குடி மறக்காத பிள்ளை ஒன்று மிட்டாய்க்கு அழுவது போல வந்தது. டாக்டர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தார்.

“ஐயாவின் குரலில் உள்ள இளமையை இந்த மிஷின்தான் வெளிக்கொண்டு வந்திருக்கிறது” என்றார் செயலாளர். “நாம் இத்தனை காலம் காதால் கேட்டு ஏமாந்திருக்கிறோம்.”

தலைவர் இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. தம் குரல் இத்தனை நன்றாக இருக்கும் என்று வீட்டில் ஒருவரும் சொன்னதில்லையே என்று வருத்தப்பட்டார்.

பிறகு ஆட்டக்காரிகளின் பகுதி. கம்பீரம், இனிமை, தெளிவு என்று மூன்று தலைப்பில் மதிப்பெண். முத்துப்பேச்சிக்கு இனிமையில் முழு மதிப்பெண். சலங்கை ஒலி போன்ற ஆட்டம் என்று டாக்டர் குறிப்பு எழுதினார். கம்பீரத்தில் சகாயராணி முதல் இடம். பூட்டுப் பட்டறை அடித்த இரண்டு அடியும் இரும்பில் இரும்பு மோதியது போல இருந்ததாகக் குழு வியந்தது. பந்து நரம்பில் படாமல் மரச்சட்டத்தில் பட்டு ‘டொக்’ என்று வந்த மற்ற மூவருக்கும் தெளிவில் நல்ல மதிப்பெண்.

பொன்னழகுவின் பகுதியில் ஒன்றும் வரவில்லை. தூரத்தில் ஒரு காக்காய் மட்டும் கத்தியது. பாரூக் மிஷினின் சத்தத்தை முழுக்கத் திருகினார். காக்காய் பெரிதாகக் கத்தியது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து மிஷினின் நெஞ்சில் வைத்து, ஒரு கையால் தம் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்டார்.

“துடிப்பு இல்லை” என்றார்.

செயலாளர் பொன்னழகு என்ற பெயருக்கு நேராக ‘வரவில்லை’ என்று எழுதி, கீழே கோடு போட்டார்.

முடிவைக் கேள்விப்பட்டதும் காத்தமுத்து மகளைக் கூட்டிக்கொண்டு வத்தலக்குண்டில் பஸ் ஏறித் திண்டுக்கல் வந்து செயலாளர் வீட்டு வாசலில் நின்றார். ஒரு கூடைத் தக்காளியும் கொண்டுவந்திருந்தார். செயலாளர் தக்காளியை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, தேர்வுக்கு வராத ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கழகத்துக்கு இல்லை என்று பொறுமையாக விளக்கினார்.

“வந்தேனே சார்” என்றாள் பொன்னழகு. “நீங்கதான என் பேரைக் கூப்பிட்டீங்க.”

“கூப்பிட்டது நாடாவில் இருக்கிறது அம்மா. அதன்பிறகு நீ வந்ததுதான் இல்லை.”

“அய்யா, நாந்தான பஸ்ஸுல ஏத்திவிட்டேன்” என்றார் காத்தமுத்து. “ஏத்திவிட்ட பிள்ளை வேற எங்க போயிருக்கும்?”

“அதை நீங்கள்தான் விசாரிக்கவேண்டும்” என்றார் செயலாளர். “பெண் பிள்ளை. ஜாக்கிரதையாக இருங்கள்.”

காத்தமுத்து ஒரு நிமிஷம் மகளைச் சந்தேகமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் பொன்னழகுவுக்குச் செயலாளர் மேல் முதன்முதலாகக் கோபம் வந்தது. அதுவரை அவளுக்குக் குழப்பம் மட்டும்தான்.

தெருமுனையில் பாரூக் எதிர்ப்பட்டு ஆலோசனை சொன்னார். மட்டையில் நாலு சலங்கை கட்டிக்கொண்டு ஆடினால் அடுத்த வருஷம் முதல் இடம் நிச்சயம் என்றார். சேதி கேட்டு அங்கே வந்திருந்த சகாயராணி அவரை, முழுக்கைச் சட்டையில் கை மட்டும்தான் முழுசாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். பட்டறைச் சுத்தியலால் தேர்வானதில் அவளுக்கே அவமானமாக இருந்தது. மேல்முறையீடு செய்யச் சொன்னவளும் அவள்தான்.

மேல்முறையீட்டை விசாரிக்கப் பதினெட்டுப் பேரும் கூடினார்கள். பெஞ்சு உள்ளே போய்விட்டதால் பொன்னழகு நின்றுகொண்டு பதில் சொன்னாள். தான் வந்ததை ஐந்து ஆட்டக்காரிகளும் பார்த்தார்கள் என்றாள். பார்த்த சாட்சி செல்லாது, கேட்ட சாட்சிதான் செல்லும் என்றார்கள். பந்து வலைக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்தது என்றாள். பந்து விழுந்த சத்தமும் இல்லையே என்றார்கள். சத்தம் வராமல் ஆடுவதுதான் அந்த ஆட்டம் என்றாள். ஒரு துணைத் தலைவர், ஆட்டத்தில் குற்றமில்லாத பெண் எதற்காகச் சத்தமில்லாமல் ஆடவேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்வி எல்லாருக்கும் பிடித்திருந்தது. முடிவில் ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது: நாடாவில் உள்ளதே நடந்தது, நாடாவில் இல்லாதது நடக்கவில்லை, நாடா தவறு செய்யாது. ஆண்டறிக்கையில் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் அச்சடிக்கவும் உத்தரவாயிற்று.

ஆயக்குடிக்காரர்கள் ஒரு கூடைக் கொய்யா கொடுத்துவிட்டிருந்தார்கள். அம்மா ஒச்சம்மாள் ஒரு பழத்தை நறுக்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி மகளிடம் நீட்டினாள். நல்ல ருசியாக இருந்தது. அதுவும் பொன்னழகுவுக்கு எரிச்சலாக இருந்தது.

ஜூன் கடைசி வாரத்தில் கழகத்தின் ஆண்டு விழா. கட்டட நிதியை முடிவுசெய்ய மாநிலக் கழகத்திலிருந்து பார்வையாளர் ஒருவர் கோட்டும் டையுமாக வந்திறங்கினார். விதிப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார் என்று பந்தி விசாரித்தவர்கள் சொன்னார்கள். கல்வெட்டை மேடைக்குப் பக்கத்தில் பட்டுத்துணி போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். ஆட்டக்காரிகள் ஆறு பேரும் வரவேண்டும், பார்வையாளருக்கு அணிவகுத்துக் காட்டவேண்டும் என்று உத்தரவு. வராதவளும் வரவேண்டுமா என்று பொன்னழகு கேட்டனுப்பினாள். கட்டாயம் வரவேண்டும் என்று பதில் வந்தது.

விஞ்ஞானத் தேர்வுக்கு ஆதாரமாக நாடாவைப் பார்வையாளர் கேட்டார். அறைக்குள் போட்டுக் காட்டலாம் என்றார் செயலாளர். தலைவர் கேட்கவில்லை. தம் குரலை ஊர் கேட்கட்டும் என்று நாலு மரத்தில் குழாய் கட்டச் சொன்னார். பாரூக் ஒன்றுக்கு இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பிறகு முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு குழாய் கட்டினார்.

நல்ல கரண்டு. நாலு குழாயிலிருந்தும், கண்ணு பொய் சொல்லும் என்று ஒரு கைக்குழந்தை கீச்சிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சிரிப்பு கடைசி வரிசையில் தொடங்கி முன்வரிசைக்கு வந்தது. நிர்வாகிகள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சபையை அமைதியாக இருக்கச் சொன்னார்கள். தலைவர் முகத்தில் புன்னகை கொஞ்ச நேரம் நின்று, போவதா இருப்பதா என்று தெரியாமல் தவித்தது.

“பேசுவது யார் வீட்டுக் குழந்தை?” என்று கேட்டார் பார்வையாளர்.

“எங்கள் தலைவர்” என்றார் செயலாளர்.

பார்வையாளர் தலைவரை ஏறஇறங்கப் பார்த்தார். தலைவர் தொண்டையைச் செருமினார். ரைஸ் மில் பெல்ட் அறுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. பார்வையாளர் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். தேர்வைத் தலைவரே நேரில் வந்து தொடங்கிவைத்திருந்தால்தான் நிதி. வராமல் வேறு யாரையாவது பேசவைத்திருந்தால் தேர்வும் செல்லாது, நிதியும் கிடையாது. மிஷின் கோளாறாக இருக்கும் என்று செயலாளர் சொல்லத் தொடங்கினார். பார்வையாளர் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தைத் திருப்பி, தடித்த எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். நாடா தவறு செய்யாது.

“இதன்படி அன்று உங்கள் தலைவர் வரவில்லை” என்றார் பார்வையாளர்.

தலைவர் எழுந்தார். “வந்தேனே சார். என் கிட்டங்கி, என் மிஷினு, நான் வரலையா? இந்தா, இம்புட்டுப் பேரும் பாத்தாங்களே.”

அவர் கை காட்டிய பதினேழு பேரும் நிர்வாகிகள். அவர்கள் சாட்சி செல்லாது என்றார் பார்வையாளர். தேர்வான ஐந்து பெண்கள் சாட்சியும் செல்லாது, அவர்கள் பலன் அடைந்தவர்கள். தேர்வாகாத ஆட்டக்காரி ஒருத்தி நாடாவில் வாக்குமூலம் கொடுத்தால் ஏற்றுக்கொள்வேன் என்றார். வட்டாரத்தில் அப்படிப்பட்டவள் ஒருத்திதான் இருந்தாள். பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

“எந்திரிச்சு வா தாயி” என்றார் தலைவர். “அன்னைக்கு நான் வந்தேன்ல, அதைச் சொல்லு.”

பொன்னழகு எழுந்தாள். “நான் எப்படிச் சார் சொல்ல முடியும்?” என்றாள். “அன்னைக்கு நான் வரலையே.”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த காத்தமுத்து மகளைப் பார்த்தார். இந்த முறை அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை.

“நீ வந்தம்மா. நான் பாத்தேன்” என்றார் தலைவர்.

“கண்ணாலயா சார்?”

தலைவர் உட்கார்ந்தார். செயலாளர் அவர் காதருகே குனிந்தார். பிறகு டாக்டரும் குனிந்தார். வந்தவளாக அறிவித்தால் அவள் ஆடினாள் என்றாகும், ஆடினாள் என்றால் தேர்வாகவில்லை என்று காட்ட மதிப்பெண் வேண்டும், மதிப்பெண் போட நாடாவில் ஒன்றுமில்லை, ஆகவே அணியில் சேர்ப்பதுதான் விதிகளுக்கு நெருக்கமான வழி என்று முடிவாயிற்று. அணியில் சேர்ந்துவிட்டால் அவளும் பலன் அடைந்தவள்தானே என்று டாக்டர் கேட்டார். பார்வையாளர் காதில் விழாதபடி செயலாளர் டாக்டரின் காலை மிதித்தார். அடுத்து, ஐவரில் யாரைக் கழிப்பது என்ற கேள்வி வந்தது. முத்துப்பேச்சி தானாகவே எழுந்துவிட்டாள்.

“சித்தப்பா, எனக்கு இது வராதுன்னு நான் எப்பவோ சொன்னேன். நீங்கதான் கேக்கல” என்றாள். மூன்று டஜனும் குலுங்க அவள் தன் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நாடாவில் பதிய முடியாது.

சான்றிதழை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பொன்னழகு மை காயும்வரை ஊதிவிட்டு, மடித்து அப்பாவிடம் கொடுத்தாள். அப்புறம்தான் மைக்கை நோக்கி நடந்தாள்.

பாரூக் கையை உயர்த்தினார். ரீலில் இடமில்லை என்றார். எதையாவது அழித்தால்தான் அவள் பேசியது பதியும். நாடாவில் இருப்பது இரண்டுதான், பெண்கள் அடித்த அடி கொஞ்சம், ஐயா பேசிய பேச்சு நிறைய. அடியை அழித்தால் விஞ்ஞானத் தேர்வுக்கு ஆதாரம் போய்விடும் என்றார் பார்வையாளர். செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கல்வெட்டைப் பார்த்தார்.

“அழி” என்றார் தலைவர். “நான் பேசினேன்னு தெரியணும்னா அழிச்சுத்தான ஆகணும்.”

ரீலைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு பாரூக் பொத்தானை அழுத்தினார். பொன்னழகு மைக்கைப் பிடித்துக்கொண்டு நிதானமாகத் தொடங்கினாள். அன்று கோழி கூப்பிட எழுந்ததாகச் சொன்னாள். அம்மா பழைய சோறும் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காயும் வைத்ததாகச் சொன்னாள். கத்தரிக்காய் எந்த வயலில் பறித்தது, அந்த வயலுக்கு எப்போது தண்ணீர் பாய்ச்சினார்கள், பம்புசெட்டு எத்தனை தடவை நின்றது என்று சொன்னாள். செயலாளர் சீக்கிரம் என்று கையைச் சுழற்றினார். சாட்சியை இடைமறிக்கக்கூடாது என்று பார்வையாளர் விதிப் புத்தகத்தைத் தட்டினார். சகாயராணி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

பொன்னழகு வத்தலக்குண்டில் பஸ் ஏறியபோது தலைவரின் நேர்மை அழிந்து முடிந்திருந்தது. பஸ்ஸில் யார் யார் வந்தார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது புகையிலை வரி போயிற்று. செம்பட்டியில் டிரைவர் இறங்கி டீ குடித்தார். பினாங்கு போயிற்று. அவள் திண்டுக்கல்லில் இறங்கி, வழி கேட்டு, கிட்டங்கிக்கு வந்து, வரவேற்புரையைக் கேட்டு, தலைவர் மேடையேறும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, நாடாவில் தலைவர் தம் வாழ்க்கையின் கடைசிப் பகுதியில் இருந்தார். அதுவும் போனபிறகு அவள் சொன்னாள்:

“தலைவர் வந்தாரு. பேசினாரு.”

பார்வையாளர் பேனாவைத் திறந்தார். “நல்லது. என்ன பேசினார் என்றும் சொல்லிவிடு அம்மா.”

“அதை நான் எதுக்குச் சார் சொல்லணும்?” என்றாள் பொன்னழகு. “அதான் நாடாவுல இருக்கே.”